ரோமாபுரியைச் சிரிக்க வைத்தவர்

சிங்கப்பூரின் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோவிலுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். கோவிலைவிட்டு வெளியே வந்து, அருகிலுள்ள தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். பழைய கடைவீடுகளின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தென்படும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தருபவர், கான்டனீஸ் நாடக மேடை, பல ஆண்டுகளுக்கு முந்திய வீடு ஒன்றின் உட்புறம் என்று அன்றைய வாழ்க்கை அந்தச் சுவர்களில் விரிந்து கிடக்கும். அவற்றை வரைந்தவர் யிப் யூ சோங். அவர் சைனாடவுனிலுள்ள சேகோ லேனில் வளர்ந்தவர், கணக்காளராகப் பணியாற்றியவர். தாம் கண்ட உலகம் மறைந்துவிட்டதால், அதை ஓவியத்தில் மீட்டெடுத்தார்.

கண்ணால் கண்டதை வரையலாம். ஆனால், 2,000 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்துபோன உலகத்தை எப்படிக் காட்டுவது? அதுவும், படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி காட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர் ரெனே கோசினி. பழைய ரோமாபுரியையும் அதன் படைகளையும் சித்திரக்கதையாக்கி உலகெங்கும் கொண்டுசேர்த்தவர் அவர். இதில் ஒரு வியப்பு உண்டு. புகழ்பெற்ற அந்தக் கதைகளில் ஒரு படத்தைக்கூட அவர் வரையவில்லை. ஆயினும், அவர் இல்லாமல் அந்தப் படங்கள் பிறந்திருக்கமாட்டா.

கடல் கடந்த குடும்பம்

ரெனே கோசினி 1926ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் பிரான்சின் தலைநகரான பாரிசில் பிறந்தார். அவருடைய பெற்றோர் யூதர்கள். தந்தை ஸ்டானிஸ்லாஸ் போலந்து நாட்டிலிருந்தும், தாய் அன்னா உக்ரேனிலிருந்தும் பிரான்சுக்கு வந்தவர்கள். தந்தை ஒரு வேதியியல் பொறியாளர். தாயின் குடும்பத்தினர் பாரிசில் அச்சகம் நடத்தி வந்தனர்.

ரெனேவுக்கு இரண்டு வயதானபோது, தந்தைக்குத் தென்னமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினாவில் வேலை கிடைத்தது. குடும்பம் கப்பலேறியது. பியூனஸ் அயர்ஸ் நகரில் ரெனே வளர்ந்தார். வெளியே ஸ்பானிய மொழி. பள்ளியில் பிரெஞ்சு மொழி. பிரான்சின் வரலாற்றை அவர் பிரான்சிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு வகுப்பறையில் கற்றார். பிரெஞ்சு மக்களின் மூதாதையர் காலியர் என்றும், அவர்கள் ரோமானியரை எதிர்த்துப் போரிட்டனர் என்றும் அக்காலப் பாடநூல்கள் கற்பித்தன. காலியர் வாழ்ந்த பகுதிக்குக் கால் என்று பெயர். அது இன்றைய பிரான்சையும் அதை ஒட்டிய பகுதிகளையும் உள்ளடக்கியது.

ரெனே இயல்பிலேயே கூச்சம் மிக்க சிறுவர். அந்தக் கூச்சத்தை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி, பிறரைச் சிரிக்க வைப்பது. வகுப்பில் நகைச்சுவை செய்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். சித்திரக்கதைகளை விரும்பிப் படித்தார். அவற்றைப் பார்த்துப் பார்த்துப் படம் வரையப் பழகினார். வளர்ந்ததும் வால்ட் டிஸ்னியைப்போல் சித்திரங்களால் உலகைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய கனவாக இருந்தது.

அடுத்தடுத்து வந்த இழப்புகள்

1943ஆம் ஆண்டின் இறுதியில், பள்ளிப் படிப்பை முடித்த சிறிது காலத்திலேயே, ரெனேவின் தந்தை திடீரெனக் காலமானார். அப்போது ரெனேவுக்கு 17 வயது. குடும்பத்தைத் தாங்க வேண்டிய பொறுப்பு அவர்மீது விழுந்தது. பழைய டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அந்த வேலை நிலைக்கவில்லை. பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரையும் சிறு வேலை கிடைத்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. நாஜிப் படைகள் பிரான்சைக் கைப்பற்றியிருந்தன. யூதர்கள் வேட்டையாடப்பட்டனர். பாரிசில் தங்கிவிட்ட ரெனேவின் தாய்வழி உறவினர் சிலர் பிடித்துச் செல்லப்பட்டு வதைமுகாமில் உயிரிழந்தனர். கடல் கடந்து வாழ்ந்ததால் ரெனேயும் அவருடைய பெற்றோரும் அந்தக் கொடுமையிலிருந்து தப்பினர். உலகையே ஆளத் துடிக்கும் ஒரு படை எவ்வளவு கொடியது என்பதை அவர் பாடநூலில் மட்டும் படிக்கவில்லை. தம் குடும்பத்தின் வெற்றிடங்களிலும் கண்டார்.

1945ஆம் ஆண்டு தாயுடன் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குச் சென்றார். அடுத்த ஆண்டு, பிரெஞ்சுக் குடிமகன் என்ற முறையில் பிரான்சுக்குச் சென்று படைச்சேவை செய்தார். அங்கும் அவர் துப்பாக்கியைவிடத் தூரிகையை அதிகம் பயன்படுத்தினார். படைப்பிரிவின் நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டிகள் வரைந்து கொடுத்தார்.

படைச்சேவை முடிந்து நியூயார்க் திரும்பிய பின் வறுமை வாட்டியது. வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கினார். பலரும் கதவை அடைத்தனர். இறுதியில் ஒரு சிறிய ஓவியக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஹார்வி கர்ட்ஸ்மன், வில் எல்டர் ஆகியோர் அங்கே அவருக்கு நண்பர்களாயினர். அவர்கள்தாம் பிற்காலத்தில் ‘மேட்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை இதழை உருவாக்கியவர்கள். எல்லாரும் அறிந்த கதையை எடுத்து, அதைத் தலைகீழாகப் புரட்டிச் சிரிப்பூட்டும் கலையில் அவர்கள் வல்லவர்கள். அந்தக் கலை கோசினியின் மனத்திலும் வேரூன்றியது.

நியூயார்க்கில் அவர் மோரிஸ் என்ற பெல்ஜிய ஓவியரையும் சந்தித்தார். மோரிஸ் உருவாக்கிய ‘லக்கி லூக்’ என்ற குதிரை வீரனின் கதைகளை 1955ஆம் ஆண்டிலிருந்து கோசினி எழுதினார். பிற்காலத்தில் சிவகாசியிலிருந்து வெளிவரும் ‘லயன் காமிக்ஸ்’ லக்கி லூக்கைத் தமிழில் பேச வைத்தது. அவ்வகையில், கோசினியின் நகைச்சுவை தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமான ஒன்றே.

தூரிகையைக் கீழே வைத்தவர்

1951ஆம் ஆண்டு, பாரிசில் இருந்த ஒரு சித்திரக்கதை நிறுவனத்தில் கோசினிக்கு வேலை கிடைத்தது. அங்கே ஆல்பெர் உடெர்சோ என்ற இளைஞரைச் சந்தித்தார். உடெர்சோ, பிரான்சில் குடியேறிய இத்தாலியத் தம்பதியரின் மகன். நிறங்களைப் பிரித்தறிவதில் அவருக்குக் குறைபாடு இருந்தது. ஆனால், கோடுகளில் அவருக்கு இணையானவர் அரிது. ஒரு சில வளைகோடுகளில் மனிதரின் கோபத்தையும் சோம்பலையும் பெருமையையும் காட்டிவிடுவார்.

உடெர்சோவின் படங்களோடு தம் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார் கோசினி. சிறு வயது முதல் கண்ட கனவை மறுபரிசீலனை செய்ய வேண்டிய வேளை வந்தது. தம்மால் ஓரளவுதான் வரைய முடியும். ஆனால், தம்மால் சிறப்பாக எழுத முடியும் என்பதை அவர் உணர்ந்தார். பொறாமைப்படவில்லை, மனம் உடைந்து துறையைவிட்டு விலகவும் இல்லை. வரைவதை நண்பரிடம் விட்டுவிட்டு, எழுதுவதைத் தாம் ஏற்றுக்கொண்டார். அந்த முடிவே இருவருடைய வாழ்க்கையையும் மாற்றியது.

சித்திரக்கதைக்கு எழுதுவது என்றால் உரையாடலை மட்டும் எழுதுவதன்று. ஒரு பக்கத்தில் எத்தனை கட்டங்கள் வர வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன காட்சி, யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் ஓடுகிறார், யார் முகத்தில் என்ன உணர்ச்சி, எந்தக் கட்டத்தில் சிரிப்பு வெடிக்க வேண்டும் என்பன எல்லாவற்றையும் எழுத்தாளர் முதலில் தம் மனத்தில் காண வேண்டும். கோசினி அவற்றைத் தட்டச்சு செய்து கொடுப்பார். உடெர்சோ அந்தச் சொற்களுக்கு உருவம் கொடுப்பார். கோசினிக்கு வரையத் தெரிந்திருந்ததால், எதை வரைய முடியும், எதை வரைய முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் கற்ற ஓவியம் வீண்போகவில்லை.

உரிமைக்குக் கொடுத்த விலை

அந்தக் காலத்தில் சித்திரக்கதை எழுத்தாளர்களுக்கு மதிப்பு குறைவு. பல புத்தகங்களில் ஓவியரின் பெயர் மட்டுமே இருக்கும். கதையை எழுதியவர் யார் என்பதே வாசகர்களுக்குத் தெரியாது. படைப்புகளின்மீது ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் போதிய உரிமையும் இல்லை.

1956ஆம் ஆண்டு கோசினியும் அவருடைய நண்பர்களும் மற்றப் படைப்பாளர்களைத் திரட்டினர். தங்கள் உரிமைகளைக் கோரும் அறிக்கை ஒன்றை உருவாக்கினர். செய்தி நிறுவனத்துக்கு எட்டியது. கோசினி உடனடியாக வேலையைவிட்டு நீக்கப்பட்டார். அவருக்காகக் குரல் கொடுத்த உடெர்சோவும், ஷான் மிஷெல் ஷார்லியே என்ற எழுத்தாளரும் அவருடன் வெளியேறினர்.

வருமானம் நின்றது. அடுத்த வேளை எப்படி என்ற கவலை சூழ்ந்தது. ஆயினும் நண்பர்கள் பிரியவில்லை. தாங்களே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கி, கிடைத்த வேலைகளைச் செய்து வந்தனர். கோசினி, ஷான் ஷாக் சாம்பே என்ற ஓவியருடன் இணைந்து ‘சின்ன நிக்கோலா’ என்ற குறும்புக்காரப் பள்ளிச் சிறுவனையும் உருவாக்கினார். அந்தச் சிறுவனின் கதைகள் இன்றும் பிரான்சில் பள்ளி மாணவர்களால் விரும்பிப் படிக்கப்படுகின்றன.

அடுக்குமாடி வீட்டில் பிறந்த ஆஸ்டெரிக்ஸ்

1959ஆம் ஆண்டு, ‘பைலோட்’ என்ற புதிய இளையர் இதழைத் தொடங்கும் வாய்ப்பு நண்பர்களுக்குக் கிடைத்தது. அதில் பிரெஞ்சு மண்ணுக்கே உரிய ஒரு கதை இடம்பெற வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் ஒரு பழைய நரிக்கதையைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால், வேறொருவர் அதை ஏற்கனவே சித்திரக்கதையாக வரைந்துவிட்டார் என்று தெரியவந்தது. இதழ் வெளிவரச் சில வாரங்களே இருந்தன.

அந்தக் கோடைக்காலத்தில், பாரிசின் புறநகரான போபினியில் உடெர்சோ வசித்த அடுக்குமாடி வீட்டில் இருவரும் அமர்ந்து யோசித்தனர். பிரான்சின் வரலாற்றுக் காலங்களை வரிசையாகச் சொல்லும்படி உடெர்சோவிடம் கேட்டார் கோசினி. உடெர்சோ கற்காலத்தில் தொடங்கிக் காலியரை அடைந்தார். கோசினியின் கண்கள் மின்னின. பள்ளியில் எல்லாரும் படித்த காலியரையும் ரோமானியரையும் வைத்து ஒரு நகைச்சுவைக் கதை! சில மணி நேரத்திற்குள் அந்தக் கதையின் உலகம் உருவாகிவிட்டது.

கதையின் காலம் கி.மு. 50. ஜூலியஸ் சீசரின் ரோமானியப் படை கால் நாடு முழுவதையும் வென்றுவிட்டது. ஒரே ஒரு சிற்றூர் மட்டும் பணியவில்லை. அந்த ஊரின் முதியவர் ஒருவர் காய்ச்சும் மந்திரக்கஞ்சியைக் குடித்தால் யாரும் வெல்ல முடியாத வலிமை வந்துவிடும். ஊரைச் சுற்றி ரோமானியப் பாசறைகள். ஊருக்குள் மீன்காரர், கொல்லர், பாடத் தெரியாத பாடகர், வானம் தலையில் இடிந்து விழுமோ என்று மட்டும் அஞ்சும் தலைவர் எனப் பலவகை மனிதர்கள்.

கதைத்தலைவன் உயரமான, கட்டுமஸ்தான வீரனாக இருக்க வேண்டும் என்று உடெர்சோ விரும்பினார். குள்ளமான, புத்திக்கூர்மை உள்ள ஒருவனே வேண்டும் என்றார் கோசினி. இறுதியில் குள்ளமான ஆஸ்டெரிக்ஸ் தலைவனானான். உடெர்சோவின் ஆசைக்காக, பெரும் பாறைகளைச் சுமந்து செல்லும் பருத்த உடலுடைய ஓபெலிக்ஸ் தோழனானான். ஆஸ்டெரிக்ஸ் என்ற பெயர் அச்சில் பயன்படும் உடுக்குறியின் பெயரிலிருந்து வந்தது. காலியர் பெயர்கள் எல்லாம் ‘இக்ஸ்’ என்றும், ரோமானியர் பெயர்கள் எல்லாம் ‘உஸ்’ என்றும் முடியும்படி கோசினி ஒரு சொல் விளையாட்டையே நடத்தினார்.

1959ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ‘பைலோட்’ இதழில் ஆஸ்டெரிக்ஸ் முதன்முதலாக அடியெடுத்து வைத்தான்.

பாடநூல் படம் சித்திரக்கதையான விதம்

பழைய ரோமாபுரியைக் கோசினியும் உடெர்சோவும் எப்படிக் காட்டினார்கள்? முதலில் உண்மையைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதை ஒரு சுழற்றுச் சுழற்றினார்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு காட்சியைப் பார்ப்போம். கி.மு. 52இல் காலியரின் தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸ், அலேசியா என்ற இடத்தில் சீசரிடம் சரணடைந்தார். இது வரலாற்று நிகழ்வு. 1899ஆம் ஆண்டு லியோனெல் ரோயே என்ற ஓவியர் இதைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். வெள்ளைக் குதிரைமேல் கம்பீரமாக அமர்ந்திருக்கும் காலியத் தலைவர், அரியணையில் இருக்கும் சீசரின் முன்னால் தம் ஆயுதங்களை எறிகிறார். பார்ப்பவர் நெஞ்சை உருக்கும் ஓவியம் அது. முதல் ஆஸ்டெரிக்ஸ் கதையின் தொடக்கத்தில் அதே காட்சி வருகிறது. ஆனால், அங்கே ஆயுதங்கள் சீசரின் கால்விரல்களின்மேல் விழுகின்றன. உலகை வென்ற சீசர் வலி தாங்காமல் அலறுகிறார்! வரலாறு மாறவில்லை, காலியர் தோற்றதும் உண்மை, சீசர் வென்றதும் உண்மை. ஆனால், வென்றவரும் காலில் அடிபட்டால் கத்தும் மனிதர்தான் என்று அந்த ஒரு கட்டம் சொல்லிவிடுகிறது.

சீசர் தம் போர்களைப் பற்றித் தாமே எழுதிய நூல் இன்றும் உள்ளது. அதைப் போன்ற நூல்களிலிருந்து கோசினி செய்திகளைத் திரட்டினார். ரோமானிய வீரரின் தலைக்கவசம், நீள்சதுரக் கேடயம், பாசறையைச் சுற்றியுள்ள மரவேலி, கேடயங்களை ஆமை ஓட்டைப்போல் ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் அணிவகுப்பு, கல் பாவிய நேரான சாலைகள், வண்டிப் போட்டி மைதானம் ஆகியவை கதைகளில் இடம்பெற்றன. அவற்றை உடெர்சோ நுணுக்கமாக வரைந்தார். கட்டடங்களும் உடைகளும் உண்மைக்கு அருகில் இருக்கும். ஆனால், மனிதர்களுக்குப் பெரிய மூக்கும் உருண்ட வயிறும் இருக்கும். பின்னணி உண்மையாக இருந்தால்தான் முன்னால் நடக்கும் வேடிக்கையை வாசகர் நம்புவார் என்பது அவர்கள் கண்ட இரகசியம்.

இன்னொரு வழியையும் அவர்கள் கையாண்டனர். இன்றைய வாழ்க்கைக்குப் பழைய உடையை அணிவித்துக் காட்டினர். 1971இல் நூலாக வந்த ‘தேவர்களின் மாளிகை’ என்னும் கதை இதற்குச் சிறந்த சான்று. ஊரைப் போரால் வெல்ல முடியாத சீசர், ஒரு புதிய சூழ்ச்சி செய்கிறார். ஊரைச் சுற்றியுள்ள காட்டை அழித்து, அங்கே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி, ரோமாபுரி மக்களைக் குடியமர்த்துகிறார். புதிதாக வந்தவர்கள் ஊருக்குள் பொருள் வாங்க வருகிறார்கள். மீன் விலை ஏறுகிறது. ஆளுக்கு ஆள் கடை திறக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்குள் போட்டியும் சண்டையும் மூள்கின்றன. வாளால் முடியாததை வாடகை வீடு செய்துவிடும்போல் இருக்கிறது. கடைசியில், பாடத் தெரியாத பாடகரை அந்தக் கட்டடத்தில் குடியேற்றி, ஆஸ்டெரிக்சும் நண்பர்களும் மற்றவர்களை ஓட வைக்கிறார்கள்.

இது வெறும் கற்பனை போலத் தோன்றலாம். ஆனால், பழைய ரோமாபுரியில் பல மாடிகளைக் கொண்ட வாடகைக் குடியிருப்புகள் உண்மையிலேயே இருந்தன. அவற்றின் உயரம் கூடிக்கொண்டே போனதால், பிற்காலத்தில் அகஸ்டஸ் பேரரசர் அதற்கு வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. கோசினி வாழ்ந்த காலத்திலோ, பாரிசைச் சுற்றிப் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் வேகமாக எழுந்துகொண்டிருந்தன. இரண்டு காலங்களையும் அவர் ஒரே கதையில் இணைத்தார். கடைவீடுகளும் உயர்ந்த கட்டடங்களும் அருகருகே நிற்கும் சைனாடவுனைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் பொருள் எளிதில் விளங்கும்.

ஆஸ்டெரிக்ஸ் கதைகளில் சண்டைகள் ஏராளம். ஆனால், அச்சண்டைகளில் யாரும் மாண்டு கிடப்பதில்லை. அடி வாங்கிய ரோமானிய வீரர்கள் தங்கள் காலணிகளை மட்டும் தரையில் விட்டுவிட்டு வானில் பறப்பார்கள். பிறகு வீங்கிய முகத்தோடு முனகிக்கொண்டு எழுவார்கள். ஒவ்வொரு கதையும் ஊர்கூடி உண்ணும் விருந்தோடு முடியும். போர்வெறியால் தம் உறவினர்களை இழந்த ஒருவர், ஒரு பேரரசின் படையைப் பற்றி எழுதும்போது வெறுப்பைக் கொட்டியிருக்கலாம். கோசினி அவ்வாறு செய்யவில்லை. அவருடைய ரோமானிய வீரர்களும் தூக்கத்துக்கு ஏங்கும், மேலதிகாரிக்கு அஞ்சும், வீட்டை நினைத்து வருந்தும் எளிய மனிதர்களே.

புகழும் ஒரு காயமும்

முதல் கதை 1961இல் நூலாக வந்தபோது 6,000 படிகளே அச்சிடப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஒரு புதிய தொகுதி வந்தால் பத்து லட்சம் படிகளுக்கும் மேல் விற்கும் நிலை ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டு பிரான்ஸ் தனது முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியபோது, அதற்கு ஆஸ்டெரிக்ஸ் என்ற பெயரே சூட்டப்பட்டது.

1963ஆம் ஆண்டு முதல் கோசினி ‘பைலோட்’ இதழின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். புதிய ஓவியர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். தமக்குப் பிடிக்காத பாணியாக இருந்தாலும், திறமை இருந்தால் இடம் கொடுத்தார். படைப்பாளர்களின் பெயரும் மதிப்பும் உயர்ந்தன.

ஆனால், 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரான்ஸ் முழுவதும் மாணவர்களும் தொழிலாளர்களும் போராட்டத்தில் இறங்கினர். அதிகாரத்தில் இருந்த எவரையும் எதிர்த்துக் கேள்வி கேட்கும் காலம் அது. ‘பைலோட்’ இதழின் இளம் ஓவியர்கள் சிலர் கோசினியை ஒரு கூட்டத்துக்கு அழைத்தனர். அவரைக் குற்றவாளியைப்போல் நிறுத்தி, முதலாளியின் ஆள் என்று சாடினர். அவர்களில் பலருக்கு வாய்ப்புக் கொடுத்தவரே அவர்தான். படைப்பாளர்களின் உரிமைக்காக ஒருகாலத்தில் வேலையை இழந்தவரும் அவர்தான். அந்த நாள் அவர் மனத்தில் ஆறாத காயமாகப் பதிந்தது.

காயம்பட்டாலும் அவர் இதழைக் கைவிடவில்லை. வாரந்தோறும் எல்லாரும் கூடிப் பேசி, நாட்டு நடப்பைப் பற்றிய பக்கங்களைத் திட்டமிடும் முறையை அதன்பின் ஏற்படுத்தினார். 1974ஆம் ஆண்டு வரை அந்தப் பொறுப்பில் நீடித்தார். அதே ஆண்டு உடெர்சோவுடனும் தம் நூல்களின் பதிப்பாளருடனும் இணைந்து ஓர் அசைவூட்டப் படக்கூடத்தைத் தொடங்கினார். டிஸ்னியைப்போல் ஆக வேண்டும் என்ற சிறு வயதுக் கனவு ஒருவகையில் நிறைவேறியது. அங்கு உருவான ‘ஆஸ்டெரிக்சின் பன்னிரண்டு சோதனைகள்’ என்ற திரைப்படம் 1976இல் வெளிவந்தது.

மழை பெய்த பக்கங்கள்

1977ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், பாரிசில் இதயப் பரிசோதனைக்காகச் சென்றிருந்தபோது, பரிசோதனையின் நடுவிலேயே கோசினியின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 51. மனைவி ஜில்பெர்த்தும் ஒன்பது வயது மகள் ஆனும் கலங்கி நின்றனர்.

‘பெல்ஜியத்தில் ஆஸ்டெரிக்ஸ்’ என்ற 24ஆவது கதையைக் கோசினி எழுதி முடித்திருந்தார். உடெர்சோ பாதிவரை வரைந்திருந்தார். நண்பர் மறைந்த பின் மீதிப் பக்கங்களை வரைய உடெர்சோவுக்குக் கை வரவில்லை. பிறகு ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டு வரைந்தார். அந்தக் கதையில், கோசினி மறைந்தபோது நின்றுபோன இடத்துக்குப் பிறகு வரும் கட்டங்களில் வானம் இருண்டு மழை பெய்கிறது. இரங்கற்பா எதுவும் அங்கே எழுதப்படவில்லை. தம் துயரத்தை உடெர்சோ தமக்குத் தெரிந்த வழியில், கோடுகளால் சொன்னார்.

அதன்பின் உடெர்சோ பல ஆண்டுகள் தாமே எழுதியும் வரைந்தும் கதைகளைத் தொடர்ந்தார். ஆயினும் ஒவ்வொரு நூலின் அட்டையிலும் கோசினியின் பெயரை முதலில் இடம்பெறச் செய்தார். எழுத்தாளரின் பெயர் மறைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்ததல்லவா? அந்தக் காலத்துக்கு அதைவிடச் சிறந்த பதில் இருக்க முடியாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாரிசில் கோசினிக்குச் சிலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் உடெர்சோவும் தமது 92ஆம் வயதில் மறைந்தார்.

சொல்லும் கோடும்

இன்று ஆஸ்டெரிக்ஸ் கதைகள் 100க்கும் மேற்பட்ட மொழிகளிலும் கிளைமொழிகளிலும் வந்துள்ளன. உலகெங்கும் 35 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றுள்ளன. சிங்கப்பூர் நூலகங்களிலும் மாணவர்கள் அவற்றைப் படிக்கலாம். ரோமாபுரியைப் பற்றி ஒரு வரிகூட அறியாத சிறுவர்களும் அந்தப் பக்கங்களின் வழியே சீசரையும் கிளியோபாட்ராவையும் அறிந்துகொள்கிறார்கள். யவனர்கள் என்று நம் முன்னோர் அழைத்தவர்களுள் ரோமானியரும் அடங்குவர். தமிழகத்து மிளகுக்காக அவர்கள் கடல் கடந்து வந்தனர். தமிழகத்தில் ரோமானிய நாணயங்களும் கிடைத்துள்ளன. ஆதலால், அந்த உலகம் தமிழ் மாணவர்களுக்கும் முற்றிலும் அந்நியமானதன்று.

கோசினியின் கதைகளில் வலிமை மிக்க பேரரசை ஒரு சிற்றூர் எதிர்த்து நிற்கிறது. அவருடைய வாழ்க்கையிலும் வறுமை, இழப்பு, வேலை நீக்கம், அவமதிப்பு என ஒன்றன்பின் ஒன்றாகப் பாசறைகள் சூழ்ந்தன. அவரிடம் மந்திரக்கஞ்சி எதுவும் இல்லை. தம் திறமை எது என்று அறிந்த தெளிவும், நண்பரின் திறமையை மதிக்கும் பண்பும், எதையும் சிரிப்போடு நோக்கும் மனமும் இருந்தன.

சைனாடவுனின் சுவரோவியங்களுக்கு முன்னால் அடுத்த முறை நிற்கும்போது, அந்தக் காட்சிக்குள் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்களில் ஒருவருக்கு அந்த உரையாடல் தோன்றலாம். இன்னொருவருக்கு அடுத்த காட்சியை வரையத் தோன்றலாம். எழுதத் தெரிந்தவரும் வரையத் தெரிந்தவரும் கைகோத்தால், மறைந்துபோன ஒரு காலம் மீண்டும் எழுந்து நடமாடும். சில வேளைகளில், நம்மைச் சிரிக்கவும் வைக்கும்.